நைலானுக்கு ஒன்றுவிட்ட தங்கை

திருப்பூர் வீரபாண்டியில் ஒரு வீட்டில் "அம்மாவுக்கு முட்டி மாத்தறதுன்னு முடிவு பண்ணியாச்சுங்க" என்று சொன்னால், கொஞ்ச காலம் முன்புவரை அடுத்த பேச்சு இரண்டைப் பற்றித்தான் இருக்கும். ஒன்று பணம், இன்னொன்று ரத்தம். பணத்துக்குச் சீட்டு, நகை, காப்பீட்டு அட்டை என்று ஏதோ ஒரு வழி கிடைத்துவிடும். ரத்தத்துக்கு ஆள் வேண்டும். "ரெண்டு பாட்டில் ஏத்த வேண்டி வரும், குடுக்கறதுக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துருங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்கள். சொந்தத்தில் ஒருவருக்கு வயதாகியிருக்கும், இன்னொருவர் வெளியூரில் இருப்பார். கடைசியில் நிட்டிங் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பையன்கள் இருவர், நைட் ஷிப்ட் முடித்த கையோடு பஸ் ஏறிப் போய்க் கை நீட்டிப் படுப்பார்கள்.

இன்று அதே வீட்டில் மருத்துவர் பெரும்பாலும் வேறு மாதிரி பேசுகிறார்: "ரத்தம் ரெடியா இருக்கும், ஆனா தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்." இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரிய பங்கு ஐந்து மில்லி பிடிக்கிற ஒரு கண்ணாடி ஆம்பூலுக்கு உண்டு. உள்ளே இருப்பது பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதில் 500 மில்லிகிராம் டிரானெக்ஸாமிக் அமிலம் கரைந்திருக்கிறது.

முட்டி ஆபரேஷனுக்காகப் பிறந்த மருந்தல்ல இது. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் சாகிற பெண்களை மனதில் வைத்து உண்டாக்கினார்கள். அந்த வேலையில் இது பலன் தரும் என்று உலகம் ஒப்புக்கொள்ள ஐம்பத்தைந்து வருடம் ஆயிற்று. அதற்குள் பல் பிடுங்குகிற இடம், மாதவிடாய்க்கான மாத்திரை அட்டை, முகப்பூச்சு, முட்டி என்று எங்கெங்கோ சுற்றிவிட்டது.

கதை போருக்குப் பிந்தைய டோக்கியோவில் தொடங்குகிறது. கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஷோசுகே ஒகாமோட்டோ, உதாகோ ஒகாமோட்டோ என்ற கணவன் மனைவி இருவர். நாடே சாம்பலாகிக் கிடந்த காலம், ஆய்வகத்தில் எதற்கும் காசில்லை. ரத்தத்தை ஆராயலாம் என்று அவர்கள் முடிவெடுத்ததற்கு உதாகோ முதுமையில் ஒரு பேட்டியில் சொன்ன காரணம் எளிமையானது: சோதனைக்கு ரத்தம் போதாவிட்டால் தங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்!

1950-களில் முதலில் அவர்கள் கையில் அகப்பட்டது எப்சிலான் அமினோகாப்ராயிக் அமிலம். பெயர் பயமுறுத்தினாலும் பனியன் ஊரான திருப்பூருக்கு இது அந்நியமான பொருள் அல்ல. கேப்ரோலாக்டம் என்றொரு வேதிப்பொருள் உண்டு, அதன் அணுக்கள் வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையத்தைத் திறந்து நீட்டினால் இந்த அமிலம். அதே வளையங்களை வரிசையாகத் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால் நைலான் 6. ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1938-ல் அந்த நூலைக் கண்டுபிடித்தார். நமக்குப் பக்கத்தில், கொச்சியை ஒட்டிய உத்யோகமண்டலில் ஃபேக்ட் நிறுவனம் 1990-ல் கேப்ரோலாக்டம் ஆலையைத் தொடங்கியது. திருப்பூர் பருத்தி ஊர்தான். ஆனால் லெக்கிங்ஸ், விளையாட்டு உடை என்று ஆர்டர்கள் வந்தபிறகு நைலானும் இங்கே ஓடுகிறது.

அந்த அமிலம் ரத்தக் கசிவைக் குறைத்தது. ஆனால் அளவு நிறையத் தேவைப்பட்டது. ஒகாமோட்டோக்கள் அதன் வேதியியல் உறவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போய், பல மடங்கு வலிமையுள்ள ஒன்றைக் கண்டு, 1962-ல் கெய்யோ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதுதான் நம் ஆம்பூலில் இருப்பது. நைலானோடு நேர் ரத்த உறவு அமினோகாப்ராயிக் அமிலத்துக்குத்தான். டிரானெக்ஸாமிக் அமிலம் ஒன்றுவிட்ட தங்கை.

இது செய்கிற வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த பயம் இதைச் சுற்றித்தான் எழுந்தது. காயத்தில் ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத நார்கள் வலையாகப் பின்னுகின்றன. பின்னிய வலையைக் கரைக்கிற ஏற்பாடும் உடம்பிலேயே உண்டு. இல்லாவிட்டால் ஒவ்வொரு உறைவும் நிரந்தர அடைப்பாகிவிடும். வலையை வெட்டும் நொதி பிளாஸ்மின். வெட்டும் வேளை வரும்வரை அது பிளாஸ்மினோஜன் என்ற வடிவில் செயலற்று ரத்தத்தில் சுற்றுகிறது. ஃபைப்ரின் நாரில் லைசின் என்ற அமினோ அமிலம் துருத்தி நிற்கிற இடங்களைப் பற்றிக்கொண்டபின்தான் அது வேகமாகப் பிளாஸ்மினாக மாறி வெட்ட ஆரம்பிக்கும். டிரானெக்ஸாமிக் அமிலத்தின் உருவம் லைசினைப் போன்றது. பிளாஸ்மினோஜனில் லைசினைப் பற்றுகிற இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அந்த வரிசையே மளமளவென்று கீழ்வரை பிரிந்து போகுமே, அந்தப் பிரிதலை மட்டும்தான் இந்த மருந்து தடுக்கிறது. புதிதாக ஒரு கண்ணிகூடப் போடுவதில்லை.

உதாகோ 1918-ல் பிறந்தவர். பல் மருத்துவம் படிக்கப் போய், பிறகு மருத்துவத்துக்கு மாறி, போர் நடுவே பட்டம் வாங்கியவர். குழந்தையை விட்டுவர இடமில்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தார். ஒருமுறை குழந்தை மருத்துவ மாநாட்டுக்குப் போனபோது, இது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இடமல்ல என்று சொல்லி வெளியே அனுப்பினார்களாம். குழந்தை மருத்துவ மாநாடு! பின்னர் கோபே நகரில் பேராசிரியராக இருந்தபோது, பிரசவ ரத்தப்போக்குக்கு இந்த மருந்தைச் சோதித்துப் பாருங்கள் என்று அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டார். யாரும் முன்வரவில்லை.

மருந்து வேறு கதவைத் தட்டியது. சுவீடனின் காபி நிறுவனம் சைக்ளோகாப்ரான் என்ற பெயரில் விற்றது. 1986-ல் அமெரிக்கா அனுமதித்தபோது கொடுத்த வேலை மிகச் சிறியது: ஹீமோபீலியா உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும்போது கொடுக்கலாம். ஜப்பானில் முகத்தில் விழும் மங்குக்குக் கொடுத்தார்கள். இன்று நம் ஊர்க் கடைகளில் முகத்துக்கான சீரம் பாட்டில்களிலும் இதன் பெயரைப் பார்க்கலாம். ஒரு மருந்து இவ்வளவு வேலைக்குப் போனபின்னும் அது பிறந்த வேலைக்கு மட்டும் கூப்பிடாமல் இருந்ததில், பெண்களின் ரத்தப்போக்கு யாருக்கும் அவசரமாகப் படவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வீரபாண்டிப் பக்கம் இது முதலில் மாத்திரையாகத்தான் வந்திருக்க வேண்டும். மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகிற பெண்களுக்கு மகப்பேறு மருத்துவர்கள் எழுதித்தரும் மாத்திரை இது. வலி மருந்தோடு சேர்த்தும் வருகிறது. பவர்டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தும், செக்கிங் மேஜையில் நின்றும், கைமடியாக, அதாவது உதவியாளாக, ஓடியும் வேலை செய்கிற பெண்களுக்கு அந்த நாட்களில் லீவு எளிதில் கிடைப்பதில்லை. மாத்திரையைத் தாங்களே கேட்டு வாங்குவதும், ஒருத்தி மற்றவளுக்குக் கொடுப்பதும் நடக்கிறது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் நடத்திய விசாரணை, மாதவிடாய் வலிக்கு லேபிள் இல்லாத மாத்திரைகளைப் பெண் தொழிலாளர்களுக்குக் கொடுத்ததை வெளியே கொண்டுவந்தது. அவை வலி நிவாரணிகள், வேறு மருந்து. ஆனால் எந்த மாத்திரை எதற்கு என்று சொல்லாமலே கொடுக்கிற பழக்கம் இந்த வட்டாரத்தில் புதிதல்ல என்பதற்கு அது சாட்சி.

மாதாமாதம் போன ரத்தம் கணக்கில் நிற்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தப் பெண்கள்தான் அறுபது வயதில் முட்டி தேய்ந்து வருகிறார்கள். பலர் அப்போதும் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழேயே.

முட்டியில் ஏன் அவ்வளவு ரத்தம்? தொடை எலும்பின் கீழ்முனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் ரம்பத்தால் அறுத்துச் சமன் செய்துதான் உலோகத்தைப் பொருத்துகிறார்கள். அறுத்த எலும்பின் முகம் பஞ்சு மாதிரி, அதன் ஒவ்வொரு துளையிலிருந்தும் கசியும். ரத்தக்குழாயைக் கட்டுகிற மாதிரி அதைக் கட்ட முடியாது. தொடையில் டூர்னிக்கே என்ற காற்றுப்பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்திவைத்து வேலையை முடிப்பார்கள். பட்டையை அவிழ்க்கும்போது, அவ்வளவு நேரம் மூச்சடைத்துக் கிடந்த ரத்தக்குழாய்ச் சுவர்கள் உறைவைக் கரைக்கும் பொருளை அள்ளி விடுகின்றன. பின்னிய வலை பின்னப் பின்னப் பிரியும். தையல் போட்டு வார்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கசிவு. டிரெய்ன் குழாயில் தெரிவது ஒரு பங்கு. தசைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் தங்குவது கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் பார்க்கும்போதுதான் அந்த மறைந்த கணக்கு வெளிவரும்.

பிளாஸ்மின் வெறிகொண்டு வேலை செய்கிற அந்தச் சில மணி நேரத்துக்கு இந்த மருந்து கச்சிதமாகப் பொருந்தியது. சுவீடனின் மால்மோ நகரில் பெனோனி, ஃபிரெடின் என்ற மருத்துவர்கள் 86 நோயாளிகளிடம் சோதித்து 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் இழந்த ரத்தம் மற்றவர்கள் இழந்ததில் ஏறக்குறையப் பாதி. மும்பையில் ராஜேஷ் மணியார் குழு 240 பேரை ஆறு பிரிவாக்கி, எப்போது கொடுப்பது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. 2012-ல் வந்த அந்த ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று ஒரே ஒரு முறை கொடுத்தால் போதவில்லை. ஆபரேஷனுக்கு முன் ஒன்று, பட்டையை அவிழ்க்குமுன் ஒன்று, இதுதான் குறைந்தபட்சம். பிறகு மூன்றாவதும் கொடுத்தால் இன்னும் நல்லது. இன்று கோவையிலும் திருப்பூரிலும் நடப்பது இதன் ஏதோ ஒரு வடிவம்தான். சிலர் இரண்டு ஆம்பூலை, அதாவது ஒரு கிராமை, மெதுவாக ஊசியில் ஏற்றுகிறார்கள். சிலர் மூட்டை மூடுமுன் அதற்குள்ளேயே ஊற்றிவிடுகிறார்கள்.

1996-லேயே தெரிந்த விஷயம் வழக்கத்துக்கு வர ஏன் இவ்வளவு காலம்? மூட்டு மாற்று மருத்துவர்களின் பெரிய பயம், காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போவது. உறைவைக் கரையவிடாத மருந்து அதைக் கூட்டிவிடாதா என்று தயங்கினார்கள். நியாயமான தயக்கம்தான். அதற்குப் பதில் சொல்வதுபோல 2014-ல் ஓர் ஆய்வு வந்தது: அமெரிக்காவின் 510 மருத்துவமனைகளில் இடுப்பு, முட்டி மாற்றிக்கொண்ட 8,72,416 பேரின் கணக்கு. மருந்து பெறாதவர்களில் 20.1 சதவீதத்துக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள், பெற்றவர்களில் 7.7 சதவீதத்துக்கு. ரத்தக்கட்டு கூடவில்லை.

இரண்டாவது காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இது விலை மலிவான, காப்புரிமை காலாவதியான மருந்து, விற்றால் பெரிய லாபம் இல்லை. மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த அப்ரோடினின் என்ற விலை உயர்ந்த மருந்து இதே வேலைக்கு இதய அறுவை அரங்குகளில் ராஜ்யம் செய்தது. பாதுகாப்புக் கேள்விகளால் 2007-ல் அதை நிறுத்தவேண்டி வந்தது. நம் நெடுஞ்சாலைகளில் ரோபோ முட்டி ஆபரேஷனுக்கு விளம்பரப் பலகை உண்டு. இந்த ஆம்பூலுக்கு யார் வைப்பார்கள்? 2017-ல் மத்திய அரசு விலைக்கட்டுப்பாடு கொண்டுவந்தபோது சாதாரணக் கோபால்ட் குரோமியம் முட்டிக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதன் பக்கத்தில் ஆம்பூலின் விலை கணக்கிலேயே வராது.

2012-ல் லண்டன் ஆய்வாளர்கள் பல வகை அறுவைகளில் நடந்த 129 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 10,488 நோயாளிகள். ரத்தம் ஏற்றும் தேவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அவர்கள் சொன்ன சங்கடமான உண்மை வேறு: பத்து வருடம் முன்பே இதற்குப் போதுமான ஆதாரம் இருந்தது. அதன் பிறகும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரைக் கொடுத்துச் சோதனை நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

லண்டனில் ஹலீமா ஷகூர், இயான் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் தலைமையில் இந்த மருந்தின் பழைய பிரசவக் கணக்கும் தீர்ந்தது. 2010-ல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு விபத்தில் அடிபட்ட 20,211 பேரை 40 நாடுகளில் சேர்த்தது, இந்தியாவும் அதில் உண்டு. உயிரிழப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் கிடைத்தது. பிறகு பிரசவ ரத்தப்போக்குக்கான உமன் ஆய்வு, 21 நாடுகள், 20,060 பெண்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாகிறவர்கள் குறைகிறார்கள் என்று 2017 ஏப்ரலில் முடிவு வந்தது. சோதனை செய்யாமலே அது பலிக்கும் என்று தனக்குத் தெரியும் என்று உதாகோ பேட்டியில் சொல்லியிருந்தார். முடிவு வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 2016 ஏப்ரலில், 98 வயதில் அவர் இறந்துவிட்டார்.

ரத்தத்தை ஏற்றினால்தான் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பணத்துக்கு ரத்தம் விற்பவர்களிடம் வாங்குவது உச்ச நீதிமன்ற உத்தரவால் 1998 ஜனவரி 1 முதல் நின்றது. சோதனைகள் கூடின. இருந்தும் 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அப்படி நடப்பது மிக அரிது. அதைவிட அடிக்கடி வருபவை காய்ச்சல், ஒவ்வாமை, வயதானவர்களின் இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் மூச்சுத் திணறுவது. ஒரு பை ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறுவது சுமார் ஒரு கிராம்தான். முன்பு பத்துக்குக் கீழே போனாலே ஏற்றுவார்கள். 2011-ல் வந்த ஃபோகஸ் ஆய்வு, இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட முதியவர்களிடம் எட்டுவரை காத்திருப்பதால் கெடுதல் இல்லை என்று காட்டியது. ஆம்பூல் குறைத்தது ஒரு பங்கு என்றால், இந்த எண்ணை மாற்றியதால் குறைந்தது இன்னொரு பங்கு.

ஆம்பூலால் முடியாத ஒன்று உண்டு. இருக்கிற ரத்தத்தைத்தான் அது காப்பாற்றும், இல்லாததை உண்டாக்காது. ஒன்பது கிராம் ஹீமோகுளோபினோடு தியேட்டருக்குள் போகிற ஒரு வீரபாண்டி அம்மா, எவ்வளவு கவனமாக அறுவை செய்தாலும் ஏழுக்கு இறங்கக்கூடும். முட்டி ஆபரேஷன் அவசர வேலை அல்ல. தேதி குறிப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே ஹீமோகுளோபினும், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்து, குறைவு எதனால் என்று கண்டு, மாத்திரையோ ஊசியோ இரும்புச் சத்து கொடுத்தால் ஏறிவிடும். ஆனால் பண்டிகை போனஸ் வந்த வாரத்தில், மகனுக்கு லீவு கிடைத்த நாளில், "வர்ற புதன்கிழமை வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டு நடக்கிற ஆபரேஷன்களில் இந்த ஒன்றரை மாதம்தான் முதலில் காணாமல் போகிறது. காப்பீட்டு அனுமதிக்குக் காத்திருக்கிற நாட்களை இதற்கு வைத்துக்கொண்டாலே போதும், கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

தியேட்டருக்குள் ஒரு ஆபத்து இருக்கிறது. முட்டி ஆபரேஷன் பெரும்பாலும் முதுகில் மரப்பு ஊசி போட்டு நடக்கிறது. அந்த மருந்தான பியூபிவாகெய்னும் சின்ன ஆம்பூல்தான், அதுவும் நிறமற்றதுதான். இரண்டும் ஒரே டிரேயில் இருந்து, அவசரத்தில் கை மாறி டிரானெக்ஸாமிக் அமிலம் தண்டுவடத்தைச் சுற்றிய திரவத்துக்குள் போய்விட்டால் கடும் வலிப்பு வரும். பலர் இறந்திருக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது: மரப்பு மருந்து இருக்கிற இடத்தில் இதை வைக்காதீர்கள். நல்ல தியேட்டர்களில் இதற்குத் தனிப் பெட்டி இருக்கும். லேபிளை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பார்த்துத் தலையாட்டிய பிறகே உடைப்பார்கள்.

சரியான வழியில் போன மருந்து உடம்பில் தங்குவதில்லை. கல்லீரல் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஏறக்குறைய முழுவதும் உருமாறாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகிறது, அதில் பெரும்பங்கு ஒரே நாளில். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருடக்கணக்கில் இருந்து சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் வெளியேற்றம் தாமதமாகும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். முட்டி எக்ஸ்ரேயோடு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியேட்டினின் சோதனையும் எழுதிக்கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.